சோதனைக் கோப்பு

இரண்டு வருடமாக நாங்கள் நூலகங்கள் கட்டினோம்.
புத்தகம் இல்லாத நூலகங்கள்.
தண்டப்பணத்தை மட்டும் சதம் பிசகாமல் கணக்கிடும்.
புள்ளி வந்த அன்றே அழித்துவிட்டோம்.
இரவல் கேட்டு ஒருவரும் வந்ததில்லை.

மூன்றாம் வருடம் ஒப்படைத் தாளில் ஒரே வரி:
ஏதாவதொரு திறந்த மூலத் திட்டத்தில்
ஒரு வழுவைத் திருத்துக.
'எந்த வழு, மேடம்?'
'எனக்கும் தெரியாது' என்றார்,
கடற்காற்றில் பறக்கப்போன தாளை
மவுசால் அழுத்தியபடி.

பன்னிரண்டு மணிக்குப் பிறகுதான் இரவு டேட்டா.
விடுதி மாடிப்படியில்தான் சிக்னல்.
இரண்டு ஜிபி மூலநிரல் கோணேசபுரிக்கு வந்து சேர
மூன்று இரவு.
ஒருதடவை தொண்ணூறு வீதத்தில் அறுந்து
முதலிலிருந்து.
உள்ளே பதினாறு வருட வேலை,
பெயர் உச்சரிக்க வராத எழுநூறு பேர்,
நடுவில் ஒருவர் எழுதிவைத்த குறிப்பு:
இங்கே கைவைக்காதே,
இது ஏன் ஓடுகிறதென்று எனக்கே தெரியாது.
கந்தளாய் இமேஷா படியில் உட்கார்ந்து சிரித்தாள்:
'என்ட கோட் மாதிரியே.'

வழுவை நாங்கள் தேடவில்லை.
கிண்ணியா ஷிப்னா பரீட்சித்துப் பார்த்த பக்கத்தில்
வரி முடிகிற இடத்தில் கிடந்தது ஊர்:

திருகே
◌ாணமலை

கொம்பும் எழுத்தும் மேல்வரியில்.
கால் கீழே,
ஒட்டிக்கொள்ள எழுத்தில்லாமல்
ஒரு புள்ளி வட்டத்தைப் பிடித்தபடி.

'எங்கட கோவும் இப்பிடித்தான் உடையுது'
என்றாள் இமேஷா.

ஏழு வரி எழுதி அனுப்பினோம்.
பதில்: நன்றி. சோதனை எங்கே?
பதில்: நான்கு இடைவெளி விடவும், மூன்று அல்ல.
பதில்: இந்த மொழிகளை எனக்கு வாசிக்கத் தெரியாது.
இது சரியென்று நான் எப்படி அறிவது?

அப்படி ஒருவரும் எங்களைக் கேட்டதில்லை.
ஒரு எழுத்து எங்கே தொடங்கி
எங்கே முடிகிறதென்று
முதலாம் வகுப்பில் விட்டதை
ஆங்கிலத்தில் எழுதி எழுதி அழித்தோம்.
கடைசியில் பஸ் நிலையத்துப் பெயர்ப்பலகையைப்
படமெடுத்து அனுப்பினேன்.
ஓரத்தில் ஒரு மானின் காதும் விழுந்திருந்தது.

சோதனைக் கோப்பில் இரண்டு பெயர் வேண்டும்.
எது முதலாவது?
கால்மணி நேரம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் பேசினோம்.
ஒருங்குறி அட்டவணையைத் திறந்தேன்:
தமிழ் முன்னால், சிங்களம் சற்றுத் தள்ளி.
அட்டவணை சொன்னதால் யாருக்கும் கோபமில்லை.
'ரெண்டுக்கும் முன்னுக்கு அறபு இருக்கு, தெரியுமா?'
என்றாள் ஷிப்னா,
பிஸ்கட் பக்கெட்டைக் கிழித்துக்கொண்டு.

திருத்தம் ஏற்கப்பட்டது,
காலக்கெடு முடிந்து பத்தொன்பதாம் நாள்.
இருபதுக்குப் பதினொன்று.
ஸ்லைட் மட்டும் செய்த கபிலாஷுக்கும்
பதினொன்று.

நேற்று யாரோ, எந்த நாட்டிலோ,
எழுத்துருப் பருமனில் ஒரு எண்ணை மாற்றினார்.
அதைச் சேர்க்குமுன் இயந்திரம்
நாலாயிரத்துச் சொச்சம் சோதனைகளை ஓடவிட்டது.
உருட்டிக்கொண்டே போனேன்.

திருகோணமலை: உடையவில்லை.
த்ரிகுணாமலய: உடையவில்லை.

எங்கள் ஊர் எந்தக் கரையிலென்று
அவருக்குத் தெரிந்திருக்காது.
கேட்காமல் அவரால்
ஒரு புள்ளியையும் நகர்த்த முடியாது.

அடியில் புதிதாக ஒரு வரி,
எங்களுக்குப் பிறகு யாரோ சேர்த்தது.
கெமர் எழுத்தாம்.
வாசிக்கத் தெரியவில்லை.
ஊராகத்தான் இருக்கவேண்டும்.

உடைந்தது, என்றிருந்தது.

இமேஷாவுக்கு அனுப்பினேன்.
புள்ளி இல்லை, ஒப்படை இல்லை, நாளைக்குப் பரீட்சை.
'கோப்பைத் திறந்திட்டன்' என்றாள்,
'நீ படியில வந்து இரு.'