பத்தாவது பெயர்

ஒன்பது பேருக்குப் பித்தளைப் பெயர்ப்பலகை.
பத்தாவது, மடித்த அட்டை.
மாதா மாதம் நான்தான் மடித்து வைக்கிறேன்:
ரோவெனா பிட்னி, டோல்சன் மில்.
மார்க்கர் காய்ந்திருந்தால் கடைசி எழுத்து மங்கும்.

டோல்சன் மில்லில் கிரான்பெர்ரி வயல்கள் உண்டு,
ஒரு தபால் நிலையம்,
எட்டாம் வகுப்புவரை ஒரு பள்ளி.
ஒன்பதாவதுக்கு எங்கள் ஊர் வர வேண்டும்,
நியூ ஜெர்சியின் பைன் காட்டுக்குள் பத்தொன்பது மைல்.
இந்த வருடம் அறுபத்தோரு பிள்ளைகள்.
தலைக்கு இவ்வளவு என்று அந்த ஊர் கட்டுகிறது,
தவணை தப்பியதில்லை.
ரசீது போடுவதும் நான்தான்.

அதற்காகப் பள்ளி வாரியத்தில் ஒரு நாற்காலி.
கட்டணம், பாடத்திட்டம் என்று
சிலவற்றுக்கு மட்டும் ஓட்டு.
மற்றது எது வந்தாலும்
படிவத்தில் அவர் பெயருக்கு நேரே
"தகுதியில்லை" என்று அடிக்க வேண்டும்.
ஒப்புக்குச் சப்பாணி.
தொட்டாலும் அவுட் இல்லை,
ஜெயித்தாலும் கணக்கில்லை.

வயலுக்குத் தண்ணீர் ஏற்றும் பம்ப் அவர் பொறுப்பு.
அக்டோபரில் முழங்கால்வரை ஈரத்தோடு வருவார்,
நாற்காலியில் பிளாஸ்டிக் பை விரித்து உட்காருவார்.
யாரும் சொல்லவில்லை. அவராகவே.

அன்றைக்கு ஏழாவது பொருள், மாலைப் பேருந்து.
ஐந்து நாற்பதுக்குக் கிளம்புவது.
பேண்டு, மல்யுத்தம், கணக்கு மறுபயிற்சி
முடிந்த பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு
டோல்சன் மில் போவது.
அங்கே மட்டும் போவது.
தொடரலாமா?

வழக்கறிஞர் ஹாக்கன்பெர்க் விதிப் புத்தகம் புரட்டினார்.
பேருந்து அந்தப் பட்டியலில் இல்லை.
"திருமதி பிட்னி இதில் பேசவும் முடியாது."
மன்னிப்புக் கேட்கும் குரல்தான்.

அவர் எழுந்தார். வீட்டுக்குப் போகிறார் என்று நினைத்தேன்.
மேசையைச் சுற்றி, கொடிக்கம்பத்தைத் தாண்டி,
பொதுமக்கள் மைக் முன்னால் போய் நின்றார்.
பொதுமக்களுக்கு மூன்று நிமிடம்.
அதைத் தடுக்க எந்தப் பக்கத்திலும் வரி இல்லை.

நிறுத்தங்களைப் படித்தார், அவ்வளவுதான்.
பம்ப் ஹவுஸ், ஆறு பத்து. இருவர்.
ரம்ப ஆலை வளைவு, ஆறு பதினெட்டு. நால்வர், அதில் இரட்டையர்.
மணல் குழி, ஆறு இருபத்தைந்து. இந்த வாரம் யாருமில்லை, அடுத்த வாரம் ஒருவன்.
தார் ரோடு முடியுமிடம், ஆறு முப்பத்தொன்பது. ஒருத்தி.
டிராம்போன் வாசிக்கிறாள். பெட்டி கனம்.
மணி அடித்தது. நன்றி சொல்லிவிட்டு
வந்த வழியே போய்
பிளாஸ்டிக் பைமேல் உட்கார்ந்தார்.

நான்கு ஆம். நான்கு இல்லை.
வெர்லின் ஓட்ஸ் முதுகுவலி என்று வரவில்லை.
சமமானால் தீர்மானம் விழுந்துவிடும்.
அவர் பெயரைக் கூப்பிடக் கூடாது.
வரிசையில் அந்த இடம் வந்தபோது
என் வாய் திறந்து மூடியது.

குறிப்பில் அவரை எங்கே எழுதுவது?
உறுப்பினர் வருகையில் ஒருமுறை,
பொதுமக்கள் பேச்சில் ஒருமுறை எழுதினேன்.
ஹாக்கன்பெர்க் இரண்டாவதை அடித்துத் திருப்பி அனுப்பினார்:
"ஒரே ஆள் இரண்டு ஆளாக முடியாது."
முக்கால் ஆளாகக்கூட விடவில்லையே என்று
ஓரத்தில் பென்சிலால் எழுதி, அழித்தேன்.

அடுத்த மாதம் கட்டணம். நாலு சதவீதம் கூடுகிறது.
இதற்கு அவருக்குத் தகுதி உண்டு.
வெர்லினுக்கு முதுகு சரியாகிவிட்டது.
பித்தளை ஒன்பதும் ஆம்.
அட்டை, இல்லை.

வெளியே அவருடைய டிரக்கில் விளக்கு எரிந்தது.
பின்னிருக்கையில் மூன்று பிள்ளைகள்,
நீளமான ஒரு பெட்டி குறுக்கே மடியில்.

மறுநாள் அந்த "இல்லை"யைக்
கொஞ்சம் அழுத்தியே அடித்தேன்.
இந்தக் கணினியில் எவ்வளவு அழுத்தினாலும்
எழுத்து தடிக்காது.