வயிறு வைத்துத் தைத்தது

மூன்று மாதமாய் ஆட்டோ மழையில் நிற்கிறது.
தகரக் கொட்டகையில் பெர்க்மான்ஸின் படகு,
பழைய ஆட்டோச் சக்கரம் இரண்டின்மேல்,
பதினொன்றேகால் அடி.
கருங்கல்லிலிருந்து கடல் எவ்வளவு தூரம் என்று
அதற்கு யாரும் சொல்லவில்லை.

எங்கள் வீட்டில் ஒருவருக்கும் நீந்தத் தெரியாது.
தோஹாவில் ஒன்பது வருஷம் ஏசிக் குழாய் பற்றவைத்தவர்.
வெள்ளிக்கிழமைகளில் கரையில் நின்று
எவரோ பாய் விரித்துப் போவதைப் பார்த்தாராம்.
அவ்வளவுதான் காரணம்.
தோண்டித் தோண்டிக் கேட்டும் அவ்வளவுதான்.

அடிக்கட்டைக்கு மார்த்தாண்டத்தில் அறுத்த அயனி.
பக்கங்களுக்குத் தண்ணீர் தாங்கும் பிளைவுட்.
நான்கு விரலுக்கு ஒரு துளையிட்டு
செம்புக் கம்பியால் பலகையைப் பலகையோடு கோத்தபோது
எட்டிப் பார்த்தேன்.
பசை இறுகியதும் கம்பியை உருவிவிடுவாராம்.
"இது நூலோட்டம்லா" என்றேன்.
அவர் காதில் விழவில்லை.

பாய் மட்டும் என்னிடம் வந்தது.
பந்தல்காரர் ரசலையன் தந்த மிச்சத் துணி,
நீலமும் வெள்ளையும்.
காகிதத்தில் ஒரு முக்கோணம்.
"நேரா வெட்டு. ஒரு சுருக்கம் வரப்பிடாது."
நேராகவே வெட்டினேன், நேராகவே தைத்தேன்,
லில்லிபாயின் மகளுக்கான கல்யாண ரவிக்கை இரண்டும்
பெட்டிமேல் காத்துக்கிடக்க.

ஞாயிறு பூசை முடிந்து வந்து
படகை முற்றத்துக்கு உருட்டி
பாயை ஏற்றினோம்.
ஆடிக்காற்று ரப்பர் மரங்களைப் புரட்டிக்கொண்டிருந்தது.
பாய் படபடவென்று அடித்துக்கொண்டது,
கொடியில் மறந்துபோன வேட்டி.
கயிற்றை இழுத்தார். தளர்த்தினார்.
வரைபடத்தைத் தலைகீழாய்ப் பிடித்துப் பார்த்தார்.

எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.
இருபத்திரண்டு வருஷமாய்த் தட்டைத் துணியை
உடம்புள்ள பெண்களுக்குப் பொருத்துகிறவள் நான்.
"காத்துக்கும் நெஞ்சு உண்டு, கேட்டியளா.
டக்கு வைக்காம தைச்சா
அது எங்க போய் இருக்கும்?"

ராத்திரி பிரித்தேன்.
மூன்று துண்டாக்கி
ஓரங்களை மாங்காய்க் கீற்றின் முதுகளவு வளைத்து
திரும்பச் சேர்த்தேன்.
எழுதிவைத்த அளவு ஏதுமில்லை.
போன வாரம் கனத்த உடம்புக்காரி ஸ்டெல்லாவுக்கு வைத்த
அதே ஒன்றேகால் அங்குலம்.
(அவளிடம் சொல்ல வேண்டாம்.)
இரண்டு ஊசி உடைந்தது.

காலையில் அவர் பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.
நானே ஏற்றினேன்.
முதலில் சத்தம் நின்றது.
அதற்குப்பின் துணி ஒரு பக்கமாய் மெல்லப் பருத்தது,
ஆறாம் மாதத்து வயிறு மாதிரி,
கயிறு என் கையில் கனத்தது,
சக்கரம் முனகிற்று.

படகு புறப்பட்டுவிட்டது.
செம்பருத்தித் தொட்டியைத் தட்டிக் கவிழ்த்து,
பலாமரத்தைத் தாண்டி, கேட்டை நோக்கி;
வாயெல்லாம் நுரையோடு அவர் பின்னால் ஓட,
கேட்டுக்கு வெளியே
ரவிக்கை வாங்க வந்த லில்லிபாய்
குடையை மார்போடு அணைத்து நின்றாள்.

ஒரு வழியாய்ச் சக்கரத்துக்குக் கல் வைத்தார்.
தேங்காப்பட்டணத்துக்கு இன்னும் பத்து கிலோமீட்டர்.
ரவிக்கையில் கொக்கி வைப்பது பாக்கி.
பாயை இறக்க
எங்கள் இருவருக்கும் மனம் வரவில்லை.