ஆள் எண் ஏழு

டூலூத்தில் பனி கொட்டினால்
விடிகாலை மூன்றுக்கு என் வண்டி கிளம்பும்.
மேயர் வீட்டுத் தெரு, மீன் கிடங்குத் தெரு,
பனி வழிக்கும் தகட்டுக்கு இரண்டும் ஒன்றுதான்.
வழித்த பாதையில் போகிறவரை
நிறுத்திக் காசு கேட்டதில்லை.

என் தம்பி ஆர்வோவுக்குத் தசை கரையும் நோய்.
அதன் பெயரைச் சொல்லும்போது
பாதியில் மூச்சு வாங்குவான்.
ஆறு வருடம் முன்பு பல்கலைக்கழக ஆய்வுக்குப்
பதினொரு குப்பி ரத்தம் கொடுத்தான்,
தொடையிலிருந்து கடலைப்பருப்பளவு சதையும்.
அரசுப் பணத்தில் நடக்கிறது என்றார்கள்.
என் சம்பளச் சீட்டில் பிடித்ததும்
அதில் சேர்த்தி என்று நினைத்துக்கொண்டேன்.
பெருமையாகக்கூட இருந்தது.

முடிவு வந்துவிட்டதே, பார்க்கவில்லையா
என்று போகிறபோக்கில் கேட்டாள் நர்ஸ்.
தேடினேன். கிடைத்தது.
தலைப்பு. ஒன்பது பெயர்கள். ஆறு வரிச் சுருக்கம்.
ஏழாவது வரியில் பூட்டு:
நாற்பத்திரண்டு டாலர்,
இருபத்து நான்கு மணி நேரத்துக்கு.

வாடகை.
அவன் சதைக்கு.

கட்டியிருக்கலாம். இல்லாத காசில்லை.
விறகுக்கு அதைவிட அழுகிறேன்.
கை வரவில்லை, அவ்வளவுதான்.

பிப்ரவரியில் இரண்டு நாள் விடாத பனி.
பல்கலைக்கழக நூலகம் வரை நான்தான் வழித்தேன்.
வாசலில் இறங்கிக் கதவைத் தள்ளினேன்.
அட்டை கேட்டது.
பின்னால் ஒரு பையன், பாறைகளைப் படிக்கிறவனாம்,
நான் போட்ட பாதையில் நடந்து வந்தவன்,
என்ன வேண்டும் என்றான்.
போனில் தலைப்பைக் காட்டினேன்.
கோட்டுக்குள் வைத்துக் கொண்டுவந்தான்
பதினான்கு தாள்.
இன்னும் சூடு ஆறவில்லை.

வண்டி விளக்கடியில் படித்தேன்.
பாதிக்கு மேல் புரியவில்லை.
மூன்றாம் அட்டவணை புரிந்தது:
ஆள் எண் ஏழு, ஆண், முப்பத்து நான்கு.
தொடர்பில் இல்லை.
நடை நின்றிருக்கும் எனக் கொள்ளப்படுகிறது.

தொடர்பில் இல்லையா?
அதே வீடு. அதே தொலைபேசி எண்.
ஆய்வுக்கூடத்திலிருந்து மூன்று மைல்.

ஆர்வோ இரண்டு முறை படித்தான்.
சிரித்தான், இருமல் வரும்வரை.
பிறகு பென்சில் கேட்டான்.
நடுங்கும் எழுத்தில், ஓரத்தில்:

"ஏழு பேசுகிறேன்.
நேற்று சவுனா வரை போய்வந்தேன்.
தடியோடு. திட்டிக்கொண்டே.
மற்ற ஆறு பேர் எப்படி இருக்கிறார்கள்?"

இதை எந்த விலாசத்துக்கு அனுப்புவது என்று
தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.
கீழே விலை மட்டும் அச்சாகியிருந்தது.