வடக்கே போகவில்லை

பெட்டி ஓரடி அகலம்.
கொடியில் பொதிந்து மடியில் வைத்திருந்தேன்
சியோலிலிருந்து இஞ்ஜே வரைக்கும்.
எலும்புகள் ஆய்வகத்தில் இருக்கின்றன.
பெட்டிக்குள் அவரோடு கிடந்தவை மட்டும்:
ஒரு கரண்டி, மூன்று பொத்தான்,
இடது பூட்ஸின் அடித்தோல்.
வலது கிடைக்கவில்லை.
தோண்டிய பையன்கள் இரண்டு வாரம் கூடுதலாகத் தேடினார்கள்,
யாரும் சொல்லாமலே.

வழி நெடுகப் பனி உருகிக்கொண்டிருந்தது.
கர்னல் தன் உரையை வாய்க்குள் ஓட்டிப் பார்த்தார்.
‘தாய்நாடு உங்களை மறக்கவில்லை’ என்ற இடத்தில்
ஒவ்வொரு முறையும் இருமல் வந்தது அவருக்கு.

பியோ தல்சு, எண்பத்தொன்று.
டிராக்டர் பழுது பார்க்கும் கடை.
எங்களுக்காக முகம் மழித்துக் கன்னத்தில் கீறியிருந்தார்.
நான்கு வருடம் முன் இதே கடையில்தான்
பஞ்சுக்குச்சியால் அவர் கன்னத்தின் உட்புறம் துடைத்தெடுத்தேன்.
பல்செட்டைக் கையில் பிடித்தபடி,
“ஆள் கிடைத்தால் எனக்கு அப்புறம் சொல்,
முதலில் போலீஸ் ஸ்டேஷனுக்குச் சொல்” என்றார்.
வேடிக்கைக்குச் சொல்கிறார் என்று சிரித்துவைத்தேன்.

சல்யூட். வெள்ளைச் செவ்வந்தி.
கதவில் பதிக்க ஒரு பித்தளைத் தகடு,
‘நாட்டுக்கு உயிர் தந்தவர் இல்லம்’.
தகட்டுக்கு நான்கு திருகாணி வேண்டும்.
எங்களிடம் இருந்தது மூன்று.
நான்காவதைத் தன் டப்பாவில் துழாவி
அவரே எடுத்துக் கொடுத்தார்.

பிறகுதான் கேட்டார்.

ஐம்பத்தொன்றில் அண்ணன் இன்சுவுக்குப் பத்தொன்பது.
ராணுவம் எழுதியது ஒரே சொல்: ‘காணவில்லை’.
ஸ்டேஷனில் அதற்கு உரை எழுதினார்கள்:
‘வடக்கே போயிருக்கலாம்’.
அந்த ‘லாம்’ முப்பது வருடம்
அந்த வீட்டில் குடியிருந்தது,
வாடகை தராமல்.
ரயில்வே தேர்வில் தல்சு தேறினார், உத்தரவு வரவில்லை.
தங்கைக்கு வந்த சம்பந்தம் வாசலோடு திரும்பியது.
உதவித்தொகை கேட்டுப் போன அம்மாவிடம்
செத்ததற்குச் சான்று எங்கே என்றார்கள்.
துரோகத்துக்குச் சான்று
யாரும் யாரிடமும் கேட்கவில்லை.
மாதம் ஒருமுறை ஒரு சைக்கிள் வந்து நிற்கும்.
“அண்ணனிடமிருந்து ஏதாவது தகவல்?”

இன்சு கிடந்தது நாற்பது கிலோமீட்டரில்.
முழங்கால் மடங்கி, பதுங்குகுழியின் விளிம்பில்,
வடக்கைப் பார்த்தபடி.
அந்தக் குன்றின் அடிவாரத்துக்கு
உழவு யந்திரம் சரிபார்க்க
எத்தனையோ முறை போயிருக்கிறார் தம்பி.
மதியச் சோற்றைக்கூட அங்கேதான் பிரித்திருக்கிறார்.

“ஒரு வரி போதும்” என்றார்.
“அவன் வடக்கே போகவில்லை. கீழே முத்திரை.”
கர்னல் அடையாளச் சான்றிதழைக் காட்டினார்.
“இதில் எங்கே கிடந்தான் என்றிருக்கிறது.
எங்கே போகவில்லை என்று இல்லையே.”
அப்படியொரு படிவம் எங்களிடம் இல்லை.
பதக்கத்துக்கு உண்டு, கல்லறைக்கு உண்டு,
பேருந்தில் பாதிக் கட்டணத்துக்கு உண்டு.
பட்ட கறையைத் திரும்பப் பெற
இன்னும் யாரும் அச்சடிக்கவில்லை.

ஒப்படைப்பு ரசீதின் அடியில்
‘குறிப்பு’ என்று ஒரு கட்டம் இருக்கும்.
பதினோரு வருடத்தில் அதில் நான் எதுவும் எழுதியதில்லை.
எழுதினேன்.
கர்னல் உரையை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு
முத்திரையை வாயருகே கொண்டுபோய்
ஹா என்று ஊதி அழுத்தினார்.
உரையை அவர் படிக்கவே இல்லை.

ரோஜா நிற நகலைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு
கடைக்கு ஷட்டர் இறக்கினார் தல்சு.
கேமராக்காரர் ஒரு படம் எடுக்கலாமா என்றதற்கு
வந்து எடுக்கலாம் என்றார்.

ஸ்டேஷனில் இருந்த கான்ஸ்டபிளுக்கு இருபத்தைந்து இருக்கும்.
நாற்காலி போட்டான், பார்லித் தேநீர் ஊற்றினான்.
“புகாரா, ஐயா?”
“இல்லை.
கேட்டுக்கொண்டே இருந்தீர்களே,
அண்ணனிடமிருந்து தகவல் வந்திருக்கிறது.”