இப்போதுதான், மாலை ஐந்தரை

திரையில் என் படத்தைப் போட்டார் எச்செவெரி டீச்சர்.
என் படமென்று அவருக்குத் தெரியாது.
கரைச்சாலை மூழ்கிக் கிடக்கிறது,
விளக்குக் கம்பம் இடுப்பளவு நீரில்.
கீழே: "இப்போதுதான். மாலை ஐந்தரை. கிளம்புங்கள்."

"உண்மையா பொய்யா என்று யாரும் சொல்லக் கூடாது," என்றார்.
"கண்ணில் படுவதை மட்டும் சொல்லுங்கள்."

சால்டோவில் ஜூலைக் குளிர்.
அரசு தந்த கணினி அவரவர் மடியில்.
மடியில் கனமிருந்தால் வழியில் மட்டுமா,
வகுப்பிலும் பயம்தான்.

முதலில் நவுவேல்: "தண்ணீர் பழுப்பு."
எல்லாரும் சிரித்தார்கள்.
எங்கள் ஆறு என்றைக்கு நீலமாய் இருந்தது?
பிறகு லுசேரோ, நகத்தைக் கடித்தபடி:
"அந்தச் செய்போ மரம் பூத்திருக்கிறதே.
ஜூலையில் எந்தச் செய்போ பூக்கும்?"

வகுப்பு நிமிர்ந்து உட்கார்ந்தது.
யாரோ பெரிதாக்கினார்கள். சிவப்பு.
மழுப்ப முடியாத சிவப்பு.
ரொட்டிக்கடைப் பலகையில்
கடையை விற்றுப் போனவரின் பெயர் இருப்பதை
இன்னொருத்தி கண்டுபிடித்தாள்.
"அப்படியானால் இரண்டு வருஷத்துக்கு முந்தைய நவம்பர்."
விட்டால் கிழமையையும் சொல்லிவிடுவார்கள்.

படம் பொய்யில்லை என்று கத்த வேண்டும் போலிருந்தது.
வெள்ளம் வந்தது, பார்த்தேன், கை நடுங்க எடுத்தேன்.
பொய்யெல்லாம்
கீழே இருக்கும் அந்த நாலு சொல்லில்தான்.

"எடுத்தவர் எங்கே நின்றிருப்பார்?"
படத்தின் ஓரத்தில் ஒரு துணிக்கொடி,
அதில் ஒரு பச்சைக் கிளிப்.
ஹிமேனா கையைத் தூக்கினாள்,
அந்தக் கொடியின் கீழே நின்று
என் பிறந்தநாள் கேக் தின்றவள்.
என்னைப் பார்த்தாள்.
முடியைச் சரிசெய்வதுபோல் கையை இறக்கினாள்.

மணி அடித்தது.

வீட்டுக்குப் போகும் ஏற்றத்தில்
வில்மாரின் ஃப்ரிட்ஜ் இன்னும் கிடக்கிறது.
அன்றிரவு மழையில், தள்ளுவண்டியில் ஏற்றி,
மேட்டுத்தெருத் தங்கை வீட்டுக்கென்று கிளம்பினார்.
அவர் மனைவி பின்னால் பிடித்துக்கொண்டு வந்தாராம்.
பாதியில் சரிந்தது.
கதவு பிய்ந்து, வானம் பார்த்துக் கிடக்கிறது.
ஆறு அந்த வாரம் முழுக்கக் கரையைத் தொடவேயில்லை.

எட்டிப் பார்த்தேன்.
உள்ளே நாலு விரற்கடைத் தண்ணீர்,
மிதக்கும் ஒரு எலுமிச்சம்பழம்.
ஊருக்கு நான் கொண்டுவந்த வெள்ளம்
மொத்தமே இவ்வளவுதான்.

படமெடுத்தேன்.
இடம் எழுதினேன். தேதி எழுதினேன்.
எடுத்தவன் பெயர்: பிரௌலியோ.
எழுத்துப்பிழை இருக்கிறதா என்று
மூன்று முறை சரிபார்த்துவிட்டேன்.
இன்னும் அனுப்பவில்லை.