செனாங் டிரி

மூளையின் இடப்பக்கம் நுழைந்த குண்டு
சொற்களைத்தான் முதலில் சுட்டது.
எப்படி, யார், எந்தத் துப்பாக்கி என்று
மின்தூக்கியில் கேட்பவர்களுக்கு
பதினொன்றாம் மாடி வருவதற்குள் முடிகிற பதில்
என்னிடம் இல்லை.

பெய் ஷான் படம் காட்டுகிறாள்.
குடைக்கு "வாழைப்பழம்" என்கிறார்.
வாழைப்பழத்துக்கும் "வாழைப்பழம்".
சரியா தப்பா என்று
தமிழறியாத அவள் என் முகத்தைப் படிக்கிறாள்.
சாவிப் படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு
என் பக்கம் திரும்பி, "சாவி" என்றார்.
அன்றிலிருந்து எனக்கு அதுதான் பெயர்.
மருந்தகத்தில் மதிவதனி என்று கூப்பிட்டால்
சற்றுத் தாமதமாகத்தான் எழுகிறேன்.

எடுத்த எலும்புக்குப் பதில்
டைட்டேனியத் தகடு வைத்தாயிற்று.
புக்கிட் பாத்தோக்கில் மழை இறங்குமுன்
அந்த இடம் குளிரும் போல.
தொட்டுக் காட்டுவார்.
நான் ஓடிப்போய்
மூங்கில் கழிகளை உள்ளே இழுப்பேன்.

வலக்கால்தான் யார் பேச்சையும் கேட்கவில்லை.
பக்கத்து வீட்டு ரொஹைசாட்,
இருபத்தாறு வருஷம் ராணுவத்தில் இருந்தவர்,
தாழ்வாரத்துச் செருப்பு அலமாரிகளுக்கு நடுவே
ஒருநாள் சும்மா ஒரு குரல் கொடுத்தார்:
"செடியா!"
இவர் முதுகு நிமிர்ந்தது.
"செப்பாட் ஜாலான்!"
கிரி, கனான், கிரி, கனான்,
துளசித் தொட்டிவரை ஏழடி.
என் பெயர் தொலைந்த அதே காட்டில்
இந்த மலாய்ச் சொற்கள் மட்டும்
எங்கே பதுங்கிக் கிடந்தன?
பொறாமைதான். சொல்லிவிடுகிறேன்.

கட்டளைகளை
சமையல் நோட்டில், ரசப்பொடி அளவுக்குக் கீழே
எழுதிக்கொண்டேன்.
என் "பெர்ஹென்டி"க்குச் சில நாள் நிற்கிறார்.
சில நாள் சுவரில் மோதிக்கொண்டு
ஹொக்கியனில் திட்டுகிறார்,
ஒரு பிழையும் இல்லாமல்.

நேற்றிரவு மாத்திரைப் பெட்டியில்
செவ்வாய்க்கிழமை
திறக்கப்படாமலே இருந்தது.
வலிப்புக்கான மாத்திரை. மறந்தது நான்.
பாத்திரம் கழுவும் தொட்டி முன்
விறைத்து நின்றேன்.
தண்ணீர் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

பின்னால் கைத்தடியின் சத்தம்.
பிறகு, குழறாத ஒரு குரல்:
"செனாங் டிரி."

கால்களை அகட்டி
கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.
என்னைத் தாண்டி இடக்கையை நீட்டி
எதிர்த்திசையில் இரண்டு முறை திருகி
அப்புறம்
குழாயை அவர்தான் மூடினார்.