மீதி முன்கொண்டு வரப்பட்டது

எங்கள் நாடக சபையின் கணக்குப் புத்தகத்தில்
முதல் பக்கத்துக்குப் பிள்ளையார் சுழி கிடையாது.
பென்சிலில் ஒரேயொரு வரி:
கொடுக்க வேண்டியது, தார்ப்பாய் ஒன்று, ஹேமபாலவுக்கு.

ஐம்பத்தேழு, சித்திரை.
அவிசாவளைக்கு இந்தப் பக்கம்
ரப்பர் மரங்களுக்கு நடுவே அம்மன் திருவிழா.
பெட்டிகளை அடுக்கி மேடை போட்டிருந்தார்கள்.
ராஜா வேஷத்தில் இருளப்பன்
சுடுகாட்டுக்குள் கால் வைத்த நேரம்
இடி.

கொழும்புத் துறைமுகத்துக்கு
ஷீட் ஏற்றிப் போன லொறி
ரோட்டோரம் நின்றது.
தமிழ் தெரியாத ஒருவன் இறங்கி வந்து
அழுதுகொண்டிருந்த ராணியைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.
பிறகு திரும்பிப் போய்த்
தன் சுமையை மூடியிருந்த தார்ப்பாயை அவிழ்த்தான்.

விடியும்வரை நாடகம் நனையவில்லை.
நனைந்தது அவனுடைய ஷீட்.
விடிந்ததும் தன் பெயரைச் சொன்னான்,
அடுத்த கிழமை எடுப்பதாகக் கையால் காட்டினான்.
வரவில்லை.

அந்தத் தார்ப்பாயின் கீழ்தான் சபை தொடங்கியது.
ஆண்டுதோறும் கணக்கு முடிக்கும்போது
அந்த வரியும் புதுப் பக்கத்துக்கு நடந்து வந்தது.
எண்பத்து மூன்றின் பக்கத்தில் வரவு இல்லை, செலவு இல்லை.
சடகோபனின் கையெழுத்து மட்டும்:
மேடை எரிந்தது. தார்ப்பாயும் எரிந்தது.
கடன் எரியவில்லை.

நான் பதினோராவது பொருளாளர்.
கிழமை நாட்களில் பியகமவில் கொலர் தைக்கிறேன்.
இப்போது எங்களுக்குக் கொங்கிரீட் மண்டபம் உண்டு.
வாசல் பளிங்கில் ஸ்தாபகர்கள் ஐந்து பேர்,
அதில் மூவர் அன்றிரவு
மழைக்குப் பயந்து லயத்துக்கு ஓடியவர்கள்.

போன ஞாயிறு கூட்டத்தில் கேட்டார்கள்:
"கணக்காய்வாளர் சிரிக்கிறார் பிள்ளை,
ஆளே இருக்கிறானோ என்னவோ,
அந்த வரியை வெட்டிவிடுவோமா?"
நான் பென்சிலைச் சீவிக்கொண்டிருந்தேன்.
யாரும் மறுபடி கேட்கவில்லை.

புதுக் கூரை தகரம்.
பெருமழை பிடித்தால் ஒரு வசனமும் கேட்காது.
பிணத்தைக் கிடத்திவிட்டு ராணி உட்கார்ந்துகொள்வாள்,
ராஜா பீடி பற்ற வைப்பார்,
சனம் கடலைச் சுருளைப் பிரிக்கும்.

எனக்கு அந்த நேரம் கண் ரோட்டில்தான்.
ஏதாவதொரு லொறி வேகம் குறைத்தால்
நாற்காலியை விட்டு எழுந்துவிடுகிறேன்.